குப்பிச் சீட்டும் ஆய்வு நேர்மையும்

நம் உடலின் உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஓயாது செய்தி பரிமாறிக்கொள்கின்றன. அச்செய்திகளை ஏற்று உள்ளே கொண்டுசெல்லும் புரதங்கள் கண்ணுக்குப் புலப்படா. அவை உளவா, இலவா என அறிய ஆய்வாளர் நாடும் கருவியே எதிர்ப்பொருள். ஒரு புரதத்தையோ அதன் துண்டையோ முயலின் உடலிற் செலுத்தினால், அதனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் அம்முயலின் குருதியில் தோன்றும். 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் சுண்டெலியின் மண்ணீரல் உயிரணுவைப் புற்று உயிரணுவோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளைத் தொடர்ந்து பெறும் வழியைக் கண்டனர். 1984இல் ஜெர்னேயுடன் இவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர். இன்றோ பெரும்பாலான புரதங்களுக்கு எதிர்ப்பொருள் குப்பியில் அடைக்கப்பட்டு விலைக்குக் கிடைக்கிறது.

ஆயினும் குப்பியின்மேல் ஒட்டிய பெயர் விற்பவரின் கூற்றேயன்றி நிறுவப்பட்ட உண்மையன்று என்பதே நம் கருத்து. உருவிலும் எடையிலும் ஒத்த வேறொரு புரதத்தை எதிர்ப்பொருள் பற்றிக்கொண்டாலும், ஆய்வுச் சவ்வின்மேல் அதே பட்டைதான் தெரியும். பார்ப்பவர் தாம் தேடியது கிடைத்துவிட்டதென மகிழ்வார்.

இதற்கு நல்லதொரு சான்று ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டா. ஹார்மோனின் செய்தியை ஏற்கும் இப்புரதத்தை 1996இல் ஸ்வீடன் நாட்டார் அறிவித்தனர். மார்பகப் புற்றுநோயில் அது உண்டென்றும் இல்லையென்றும், அதனால் நன்மையென்றும் தீமையென்றும் முரண்பட்ட கட்டுரைகள் ஏராளமாக வந்தன. 2017இல் அதே நாட்டு ஆய்வுக்குழு ஒன்று, புழக்கத்திலிருந்த 13 எதிர்ப்பொருள்களைச் சோதித்தது. தேறியது ஒன்றே ஒன்று! அந்த ஒன்றைக்கொண்டு பார்த்தபோது, மார்பகத் திசுவில் அப்புரதம் காணப்படவில்லை; சூலகத்திலும் விந்தகத்திலும் காணப்பட்டது. இருபதாண்டுக்கால உழைப்பில் எத்துணைப் பங்கு வீணாயிற்று? நோயாளிகள் மனமுவந்து அளித்த திசுக்களும் அதில் அடங்கும் என்பதை எண்ணுகையில் நெஞ்சு கனக்கிறது.

விற்பவரை மட்டும் குறைகூறுதல் முறையன்று. அரிசி வாங்கும்போது நான்கு மணியை வாயிலிட்டுக் கடித்துப் பார்க்கும் நாம், ஆய்வகத்தில் மட்டும் சீட்டை நம்பிவிடுவது ஏன்? சோதிக்கும் வழி எளிதில் விளங்கக்கூடியதே. அப்புரதத்துக்குரிய மரபணு நீக்கப்பட்ட உயிரணுவை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் பட்டை தோன்றலாகாது. தோன்றினால் எதிர்ப்பொருள் வேறெதையோ பற்றுகிறது என்பது வெளிப்படை. 2023இல் வெளிவந்த ஆய்வொன்றில், கனடாவின் மான்ட்ரியல் நகரத்து அறிவியலாளரை முதன்மையாகக் கொண்ட குழு, 65 புரதங்களுக்குரிய 614 எதிர்ப்பொருள்களை இவ்வாறே சோதித்தது. அதன் முடிவு கண்டு விற்பனை நிறுவனங்கள் சிலவற்றைச் சந்தையிலிருந்தே விலக்கிக்கொண்டன.

இதற்கெல்லாம் பொருட்செலவு ஆகுமே என்பர். ஆம், ஆகும். சிறிய ஆய்வகங்களுக்கு அது சுமையே. எனினும் அவ்வுயிரணுவில் சோதித்த படம் உண்டா என்று வாங்குமுன் விற்பவரைக் கேட்கச் செலவில்லை. எதிர்ப்பொருளின் பட்டியல் எண்ணையும் தொகுதி எண்ணையும் ஆய்வேட்டில் குறிக்கவும் செலவில்லை. நம் நெறியாளர்கள் இவ்விரண்டும் இல்லாத ஆய்வேட்டில் கையொப்பமிடாதிருக்கலாம்.