துணைப்பாடமாக நாடகம்

இயற்பியல் பயிலும் மாணவர் கணிதத்தையும், பொருளாதாரம் பயிலும் மாணவர் புள்ளியியலையும் துணைப்பாடமாகக் கொள்வது நம் கல்லூரிகளில் நெடுங்கால வழக்கம். அவ்வரிசையில் நாடகத்துக்கும் ஓர் ஆசனம் தரவேண்டும் என்று சொன்னால், நடிகராகப் போகிறவருக்கல்லவோ அது வேண்டும், மற்றவருக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்று பெற்றோரும், சில சமயம் பேராசிரியர்களுமே கேட்கிறார்கள். நடிகராகப் போகாதவருக்கே அது மிகுதியும் வேண்டும் என்பதும், பட்டத்துக்குரிய முதன்மைப் பாடமாக இருப்பதைக் காட்டிலும் துணைப்பாடமாகவே அது கல்லூரிதோறும் வேரூன்ற முடியும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

கும்பகருணனை எடுத்துக்கொள்வோம். தமையன் செய்தது தவறு என்று அவன் அறிவான். சீதையை விட்டுவிடும்படி இராவணனிடம் வாய்விட்டுச் சொல்லவும் செய்கிறான். சொல்லிவிட்டு, அந்தத் தமையனுக்காகவே போர்க்களம் புகுந்து மடிகிறான். தேர்வுக்காகக் கம்பனைப் படிக்கும் மாணவர், செஞ்சோற்றுக் கடன் என்று ஒரு வரி எழுதி மதிப்பெண் பெற்றுவிடலாம். அதே மாணவர் ஒத்திகையில் கும்பகருணனாக வந்து நிற்கும்போது அந்த ஒரு வரி அவருக்குப் போதுவதில்லை. இராமனிடம் வந்துவிடு என்று களத்தில் வந்து இறைஞ்சும் வீடணனை அவர் முகம் பார்த்துப் பேசுவதா, பாராமல் பேசுவதா. மறுக்கும் குரலில் சினம் மேலோங்குமா, பாசம் மேலோங்குமா. பேச்சு முடிந்தபின் முதலில் திரும்பி நடப்பவர் யார்: இவற்றுள் எதற்கும் அம்மனிதனின் நெஞ்சுக்குள் புகாமல் விடை காண இயலாது. கண்ட விடையும் நிலைப்பதில்லை. வீடணனாக நடிப்பவர் மறுநாள் தம் குரலைச் சற்றே தாழ்த்திப் பேசினால், இவருடைய மறுமொழியும் அதற்கேற்ப மாறியாக வேண்டும். தான் ஒப்பாத ஒரு செய்கைக்குள்ளும் அதற்குரிய நியாயத்தைத் தேடிக் காணவும், எதிரே நிற்பவர் சொல்வதை உடம்பெல்லாம் செவியாகக் கேட்கவும் பழகிய ஒருவர் நாளை வழக்கறிஞராகவோ, மருத்துவராகவோ, வட்டாட்சியராகவோ அமரும்போது, அவர்முன் வந்து நிற்கும் மக்களுக்கு எத்துணை ஆறுதலாக இருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மாணவர் நாடகம் ஒரு சமூகத்தின் அரங்கையே மாற்றிய சரித்திரம் நமக்கு மிக அருகில், இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உண்டு. அங்கே கற்பித்த எதிரிவீர சரச்சந்திர 1956-இல் அப்பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'மனமே' என்னும் சிங்கள நாடகத்தை அரங்கேற்றினார். அதே வளாகத்தில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கிராமங்களில் வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பெற்ற கூத்தை, அதன் ஆட்டமும் பாட்டும் கெடாமல் சுருக்கி, பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பழக்கி, 1962-இல் 'கர்ணன் போர்', 1964-இல் 'இராவணேசன்' என்று மேடைக்குக் கொணர்ந்தார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றுப் பேராசிரியரானதை யாவரும் அறிவர். எனினும், அவரோடு ஆடிவிட்டு வேறு வேறு உத்தியோகங்களுக்குச் சென்றவர்களை நினைக்கும்போதே எனக்கு மகிழ்ச்சி மிகுகிறது. கூத்தைப் பாமரர் ஆட்டம் என்று படித்தவர்கள் ஒதுக்கிவைத்த காலம் மாறியதில் அவர்களுக்கும் பங்குண்டு. இன்று இலங்கையில் பள்ளி மாணவர்கள் உயர்தரத் தேர்வுக்கே 'நாடகமும் அரங்கியலும்' என்னும் பாடத்தை மற்றப் பாடங்களோடு சேர்த்து எடுக்கிறார்கள். வித்தியானந்தன் முதல் துணைவேந்தராக இருந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அது பட்டப்படிப்புக்குரிய பாடமாயிற்று.

அரைகுறையாகக் கற்பது கலைக்கு இழுக்கு என்று ஆட்சேபிப்பவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்த மட்டக்களப்புக் கூத்தை ஆடியவர்கள் யார்? பகலில் வயலிலும் வாவியிலும் உழைத்து, இரவில் கூத்தாசானாகிய அண்ணாவியாரிடம் மாதக்கணக்கில் பழகி, வெள்ளுடுப்பு என்னும் முன்னோட்டம் கடந்து அரங்கேறிய உழவர்களும் மீனவர்களுமே. சென்னையில் 1891-இல் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞராயிருந்து பின்னர் நீதிபதியுமானவர். தேச பக்தர் சத்தியமூர்த்தியும் அச்சபையின் மேடையில் நடித்தவர். வாழ்க்கையின் பிரதான தொழிலுக்குத் துணையாக நாடகத்தைக் கொண்ட இவர்களால் கலை தாழ்ந்துவிடவில்லை. முழுநேரப் பயிற்சிக்குப் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி போன்ற ஸ்தாபனங்கள் இருக்கவே இருக்கின்றன. அங்கே பயின்று வெளிவருவோர்க்கு நிலையான வேலையும், அவர்கள் படைப்பதைத் தேர்ந்து ரசிக்கும் சபையும் துணைப்பாட வகுப்புகளிலிருந்தே கிடைக்கும்.

நான் அஞ்சுவது வேறொன்றை. பாடம் என்று பெயர் சூட்டிய மாத்திரத்தில் அதைக் குறிப்பேடாக்கி, நாட்டிய சாஸ்திரத்துக்கு ஐந்து மதிப்பெண், அரிஸ்டாட்டிலுக்குப் பத்து மதிப்பெண் என்று பங்கிட்டு, மேடையே காணாத மாணவருக்கு முதல் வகுப்பு வழங்கிவிடும் அபாயம் நம் கல்வி முறையில் எப்போதும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகம், மூன்றாண்டுப் படிப்பின் 120 மதிப்பலகுகளில் 24-ஐத் துணைப்பாடத்துக்கென ஒதுக்குகிறது. அத்தனை இடத்தை நாடகத்துக்கு அளிக்கும் கல்லூரி, அதில் பெரும்பகுதியை ஒத்திகைக்கும் அரங்கேற்றத்துக்குமே வைக்கவேண்டும். ஆண்டுக்கு ஒரு முழுநீள நாடகமேனும் ஊரார் முன்னிலையில் நடந்தேற வேண்டும். ஒளியமைப்பை இயற்பியல் மாணவர் ஏற்கட்டும், வரவு செலவை வணிகவியல் மாணவர் எழுதட்டும். நடிக்கக் கூச்சப்படுபவருக்கும் திரைக்குப் பின்னே பொறுப்பான வேலை நிரம்ப உண்டு, அதற்கும் சமமான மதிப்பெண் உண்டு என்று விதி செய்யவேண்டும்.

கற்பிப்பவர் யார் என்ற கேள்வியும் எழும். முறையான பட்டம் இல்லாவிடினும் தம் துறையில் நெடுங்காலம் தேர்ந்த அனுபவசாலிகளை, அனுமதிக்கப்பெற்ற பணியிடங்களின் எண்ணிக்கையில் 10 விழுக்காடு வரை பேராசிரியர்களாக அமர்த்திக்கொள்ள அதே மானியக் குழு 2022-இல் வழிசெய்திருக்கிறது. தெருக்கூத்து வாத்தியார்களும், கட்டியங்காரனாகவே தலை நரைத்தவர்களும் வட தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். ஆண்டு விழாவுக்கு ஒரு நாள் வரவழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், அவர்களுக்கு வகுப்பறையும் கால அட்டவணையில் இடமும் மற்ற ஆசிரியர்களுக்கு உள்ளதைப் போன்ற மாத ஊதியமும் தரக் கல்லூரி நிர்வாகங்கள் முன்வர வேண்டும். வரும் ஜூனில் கல்லூரி திறக்கும்போதே அதைத் தொடங்கலாம்.