குளித்தலைக்கு வந்த வெள்ளைக்காரச் சாமியார்களும் பரோடாவில் நானும்

மேல் வீட்டுப் பெரியவர் போன மாதம் இறந்துபோனார். இங்கே பரோடாவில் துக்கம் விசாரிக்க 'பேஸ்ணு' என்று ஒரு நேரம் குறித்துச் சொல்வார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய், பெரியவர் போட்டோவுக்குப் பூ வைத்துவிட்டு, ஜமுக்காளத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும். நானும் போனேன். கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம் வந்து நின்று, ஐந்து நிமிடம் குஜராத்தியில் ஏதோ சொல்லி அழுதார். பாதி புரிந்தது. பதிலுக்கு என் வாயிலிருந்து வந்தது 'ஜி... ஜி...' மட்டும்தான்.

இந்த ஊருக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. சொந்த வீடு, கேஸ் கனெக்‌ஷன், ஆதாரில் பரோடா விலாசம், எல்லாம் இருக்கிறது. செட்டில் ஆகிவிட்டேன் என்றுதான் ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏனோ எங்கள் ஊர்ப்பக்கத்து மடம் ஒன்றின் ஞாபகம் வந்தது.

எனக்குச் சொந்த ஊர் குளித்தலை பக்கம். அய்யர்மலை தெரிந்தவர்களுக்கு எங்கள் ஊரும் தெரிந்திருக்கும். குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரைத் தோப்புக்குள் சாந்திவனம் என்று ஓர் ஆசிரமம். சின்ன வயதில் எங்களுக்கு அது 'வெள்ளைக்காரச் சாமியார் மடம்'. காவி கட்டிக்கொண்டு, வெள்ளைத் தாடியோடு, வெறுங்காலில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா இருப்பார். பள்ளிக்கூடப் பையன்களுக்கு அவர் வேடிக்கை. அவர் யார், எதற்காக இங்கே வந்து கிடக்கிறார் என்று எங்களில் ஒருத்தனும் கேட்டதில்லை. பிழைப்புக்காக நானே வெளியூர் வந்த பிறகுதான் தேடிப் படித்தேன்.

கதை அந்தத் தாத்தாவுக்கு முன்னாலேயே தொடங்குகிறது. ஜூல் மோன்ஷானின் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1939இல் இந்தியாவுக்கு வந்து, திருச்சி மறைமாவட்டத்தில் கிராமப் பங்குகளில் வேலை பார்த்தார். ஆன்றி லெ சோ என்ற பெனடிக்ட் சபைத் துறவி 1948இல் வந்து அவரோடு சேர்ந்தார். 1950இல் இருவரும் காவிரிக் கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். அதுதான் சாந்திவனம். காவி உடுத்தினார்கள், சைவச் சாப்பாடு, தரையில் படுக்கை. லெ சோ அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1606இல் மதுரைக்கு வந்து காவி உடுத்திய தத்துவ போதகர் போட்ட பாதைதான் இது.

அவர்கள் போட்ட திட்டம் என்ன? இந்திய இளைஞர்கள் வந்து சேர்வார்கள், இந்திய முறையில் ஒரு கிறிஸ்தவத் துறவு மடம் வளரும் என்பது. நடந்தது என்ன? நிலைத்துத் தங்க யாரும் வரவில்லை. மோன்ஷானின் 1957இல் சிகிச்சைக்காகப் போன பாரிஸில் இறந்தார். லெ சோவுக்குத் திருவண்ணாமலைக் குகைகளும், பிறகு இமயமலையும் ஈர்ப்பாகிவிட்டன. 1968இல் சாந்திவனத்தை விட்டுவிட்டு உத்தரகாசிப் பக்கமே போய்விட்டார். பதினெட்டு வருடம், புதிய துறவி ஒருவர்கூட நிலைக்கவில்லை. நம் ஆபீஸ் கணக்கில் இது இழுத்து மூட வேண்டிய பிராஞ்ச்.

அந்த நிலையில்தான் நாங்கள் பார்த்த தாத்தா வருகிறார். பீட் கிரிஃபித்ஸ். 1906இல் இங்கிலாந்தில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, பெனடிக்ட் சபைத் துறவியாகி, 1955இல் இந்தியா வந்தவர். கேரளத்தில் குரிசுமலை ஆசிரமத்தில் பத்து வருடம் இருந்துவிட்டு, 1968இல் சாந்திவனத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 61. நம் ஆட்கள் பென்ஷன் பேப்பரை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பும் வயது! அந்த வயதில் காவிரிக் கரையில் குடிசை வாழ்க்கையைத் தொடங்கியவர், 1993 மே மாதம் அங்கேயே இறந்தார்.

நம் கிறிஸ்தவ நண்பர்கள் ரிட்ரீட் என்பதைத் தியானம் என்பார்கள். பழைய ஆட்கள் ஞான ஒடுக்கம் என்பார்கள். எனக்கு இரண்டாவது சொல்தான் பிடிக்கும். ஒடுங்கி உட்கார்வது. பீட் காலத்தில் சாந்திவனம் அப்படி ஒடுங்க வருகிறவர்களின் இடமானது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். காலையிலும் மாலையிலும் மௌன தியானம். மூன்று வேளை ஜெபத்தில் பைபிளோடு உபநிடதமும் மற்ற மதங்களின் நூல்களும் வாசிப்பார்கள். காலையில் சந்தனம், மத்தியானம் குங்குமம், சாயங்காலம் விபூதி. மற்ற நேரத்தில் வந்தவர்கள் மனக்கஷ்டத்தைச் சொல்வார்கள், அவர் கேட்பார்.

என் கருத்து இதுதான். ஞான ஒடுக்கம் நடத்துகிற பாதிரியாருக்குப் பிரசங்கம் இரண்டாம் பட்சம், கேட்பதுதான் முதல் வேலை. வெளிநாட்டில் அந்த வேலை செய்ய வேண்டுமென்றால், முதல் சில வருடங்கள் அவரே ஒடுங்கிக் கிடக்க வேண்டும். முன்னவர்கள் இருவரும் பலன் காணாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பதினெட்டு வருடத்தை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். அது அஸ்திவாரம். பின்னால் வந்தவர் அதன் மேல்தான் உட்கார்ந்தார்.

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. காவி, ஓம், விபூதி எல்லாம் மதம் மாற்றப் போட்ட வேஷம் என்று கடுமையாக எழுதியவர்கள் உண்டு. சீதாராம் கோயல் 1988இல் கத்தோலிக்க ஆசிரமங்களைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். மறுபக்கம், இது என்ன கலப்படம் என்று கோபப்பட்ட கத்தோலிக்கர்களும் உண்டு. நான் அய்யர்மலைக்கு மொட்டை போட்ட குடும்பத்துப் பிள்ளை. அந்தச் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அடுத்தவர் வீட்டுப் பூஜை அறைப் பொருளை எடுத்துப் பயன்படுத்தும்போது, வீட்டுக்காரர் கேள்வி கேட்கத்தான் செய்வார். கேட்க அவருக்கு உரிமையும் உண்டு. ஆனால் உடையைப் பார்த்து ஒருவரை எடைபோடுவதைவிட, எத்தனை வருடம் இருந்தார், எப்படி இருந்தார் என்று பார்ப்பது மேல். வேஷம் போடுகிறவன் இருபத்தைந்து வருடம் வெயிலில் கிடந்து சாக மாட்டான் என்பது என் எண்ணம்.

இப்போது காற்று திசை மாறி அடிக்கிறது. தமிழ்நாட்டுப் பாதிரியார்கள் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போய் ஊழியம் செய்கிறார்கள். அங்கே ஒரு பாட்டி வந்து, கணவர் போன துக்கத்தை ஜெர்மன் மொழியில் சொல்லி அழுதால், நம்மூர் ஃபாதர் 'ஜி... ஜி...' என்று சமாளிக்க முடியாது. மொழி படித்தே ஆகவேண்டும். பூசைப் புத்தகம் வாசிக்கிற அளவு மொழி வேறு, அழுகிறவரோடு உட்காருகிற அளவு மொழி வேறு.

இங்கே குஜராத்தில் இதற்குப் பெரிய உதாரணமே இருக்கிறது. கார்லோஸ் வாலேஸ் என்ற ஸ்பெயின் நாட்டு இயேசு சபைப் பாதிரியார். 1949இல் இந்தியா வந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, அகமதாபாத் கல்லூரியில் கணிதம் நடத்தினார். குஜராத்தியில் எழுதியே புகழ்பெற்றார். போதாது என்று, சபை வீட்டை விட்டு வெளியே வந்து, அகமதாபாத் பழைய நகரத்துப் 'போள்' சந்துகளில் வீடு வீடாக விருந்தாளியாகத் தங்கிப் பல வருடம் வாழ்ந்தார். முதுமையில், தள்ளாத தாயைப் பார்த்துக்கொள்ள மாட்ரிட் திரும்பினார். 2020இல் அங்கே இறந்தார். அடுத்த வருடம் நம் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. என் ஆபீஸில் வயதான குஜராத்திகள் இன்றும் 'நம்ம ஃபாதர் வாலேஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

லெ சோ 1948க்குப் பிறகு பிரான்சுக்குத் திரும்பவே இல்லை. வாலேஸ் அம்மாவுக்காகத் திரும்பினார். இருவரையும் வந்தேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்படியானால் திரும்புவதா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை. நம்மில் பலர் அந்தக் கேள்வியிலேயே முப்பது வருடத்தை ஓட்டிவிடுகிறோம். 'எப்படியும் ஊருக்குத்தானே போகப் போகிறோம்' என்பதுதான் நான் குஜராத்தி படிக்காததற்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்கு. எழுபத்தெட்டு வயதில் அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். ஒருநாள் நான் போகத்தான் வேண்டும். அதற்காக, இங்கே இருக்கிற வரைக்கும் ரயில்வே வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டுமா?

மூன்று வருடத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் வாங்கும் நண்பர்களை நான் குறை சொல்லவில்லை. தமிழ்ச் சங்கம், பொங்கல் விழா, ஊரிலிருந்து வரும் காபிப் பொடி, எதையும் விடச் சொல்லவில்லை. அவை இல்லாமல் நானும் உயிர் வாழ மாட்டேன். ஆனால் சங்கத்துக்கு வெளியே, நம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் வீட்டில் சாவு விழுந்தால் நாலு வார்த்தை பேசத் தெரியவேண்டும். காவியும் வேண்டாம், ஆசிரமமும் வேண்டாம், அது போதும்.

இப்போது வாரம் இரண்டு நாள் சாயங்காலம் மேல் வீட்டுக்குப் போய் உட்காருகிறேன். அந்த அம்மா பேசுகிறார். நான் தப்புத் தப்பாகப் பதில் சொல்கிறேன். போன வாரம் நான் சொன்ன ஏதோ ஒன்றுக்கு அவர் சிரித்துவிட்டார். என்ன தப்பாகச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

உங்கள் ஊரில் எப்படி? எத்தனை வருடம் ஆயிற்று, பக்கத்து வீட்டு மொழியில் ஆறுதல் சொல்ல வருமா? எழுதுங்கள்.