ஊர் காத்த காடு

காட்டைக் காக்க வேண்டுமெனில் முதலில் மக்களை அதனிடமிருந்து விலக்க வேண்டும் என்னும் கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. வேலியும் காவலரும் தண்டனையுமே பாதுகாப்பின் கருவிகள் எனக் கருதப்பட்டன. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி வளைகுடாவை ஒட்டி அமைந்துள்ள கானா நாட்டின் இரண்டு சிற்றூர்கள், இக்கருத்து எத்துணைக் குறையுடையது என்பதைக் காட்டுகின்றன.

நாட்டின் நடுப்பகுதியில் அருகருகே அமைந்த போவாபெங், ஃபியெமா ஆகியவையே அவ்வூர்கள். அவற்றைச் சூழ்ந்த சிறு காட்டில் இருவகைக் குரங்குகள் வாழ்கின்றன. மோனா குரங்குகள் அச்சமின்றி வீடுகளுக்குள் நுழைந்து உணவை எடுத்துச் செல்லும். கொலோபஸ் குரங்குகளோ உயர்ந்த மரங்களின் இலைகளை உண்டு அங்கேயே தங்கும். இவற்றைத் தம் காவல் தெய்வங்களின் மக்கள் என ஊரார் போற்றினர். இறந்த குரங்கைத் துணியில் பொதிந்து, சடங்குகள் செய்து அடக்கம் செய்யும் வழக்கமும் உண்டு.

மரபு நம்பிக்கையே காட்டைக் காத்தது என்று கூறி இத்துடன் நிறைவடைவோர் பலர். அது பாதி உண்மையே. 1970களின் தொடக்கத்தில் புதிய சமயப் பிரிவு ஒன்றைத் தழுவியோர் பழைய நம்பிக்கையை ஏற்காது, குரங்குகளை வேட்டையாடத் தலைப்பட்டனர். அந்நிலையில் ஊரார் நம்பிக்கையை மட்டும் சார்ந்திராமல் அரசின் துணையை நாடினர். 1975ஆம் ஆண்டு உள்ளூர் மன்றம் குரங்குகளைக் கொல்வதைத் தடைசெய்து துணைவிதி இயற்றியது. சட்டம் மேலிருந்து சுமத்தப்படவில்லை. ஊரார் கேட்டுப் பெற்றனர். அதனாலேயே அது நிலைத்தது எனலாம்.

இப்பாதுகாப்பிற்கு விலையும் உண்டு. சமையலறையில் புகும் குரங்கும் விளைச்சலைத் தின்னும் குரங்கும் உழவர் குடும்பத்திற்கு இழப்பையே தருகின்றன. தொலைவிலிருந்து வந்து கண்டு மகிழ்வோர்க்கு இவ்விழப்பு புலப்படுவதில்லை. இழப்பைத் தாங்குவோர்க்கே வருவாயும் முடிவெடுக்கும் உரிமையும் சேர வேண்டும் என்பதே நேர்மையான நிலைப்பாடு.

2000ஆம் ஆண்டில் கானா அரசு வகுத்த சமூக வள மேலாண்மைப் பகுதித் திட்டம் அத்திசையில் அமைந்ததாகும். பல ஊர்கள் ஒன்றிணைந்து குழுக்களைத் தேர்ந்தெடுக்கின்றன. தமக்கான அமைப்பு விதிகளைத் தாமே வகுக்கின்றன. மாவட்ட மன்றம் அவற்றைத் துணைவிதியாக ஏற்கிறது. அதன்பின் காட்டுயிர் மேலாண்மை அதிகாரம் அவ்வூர்களுக்கு வழங்கப்படுகிறது. எனினும், இவ்வமைப்புகளுக்கு நாடாளுமன்றச் சட்டத்தின் வலிமை கிடைப்பதற்கு 2023ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. உரிமையை அறிவிப்பதில் காட்டிய விரைவை அதனை உறுதிசெய்வதில் அரசு காட்டவில்லை.

குறை இன்னும் எஞ்சியுள்ளது. காட்டுயிரின்மீது ஊருக்கு அதிகாரம் வழங்கப்பட்டபோதும், இயற்கையாக வளரும் மரங்களும் நிலத்தடிக் கனிமங்களும் நாட்டு மக்களின் சார்பில் குடியரசுத் தலைவரின் பொறுப்பிலேயே நெடுங்காலமாக இருந்து வருகின்றன. குரங்கைக் காக்கும் ஊருக்கு, அது தங்கும் மரத்தின்மீது உரிமை இல்லை என்பது எத்தகைய முரண்! தன் விளைநிலத்தில் தானே முளைத்த மரத்தைப் பல்லாண்டுகள் பேணி வளர்த்த உழவர்க்கு அதன் பயன் சேராதெனின், அதனைக் கன்றாக இருக்கும்போதே களைந்தெறிய அவர் எண்ணுவதில் வியப்பில்லை.