கண்ணுக்கும் கொழுப்பு வேண்டும்

கொழுப்பு என்றதும் இதயத்தை நினைத்து அஞ்சுகிறோம், கண்ணை நினைப்பதில்லை. விழித்திரையில் ஒளியை உணரும் செல்களின் சவ்வுகளில் டிஹெச்ஏ என்னும் ஒமேகா-3 கொழுப்பு செறிந்திருக்கிறது. மாலைக்கண் வராமல் காக்கும் வைட்டமின் ஏ-யோ, கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் நன்றாக உறிஞ்சப்படும். முருங்கைக்கீரையை வெறுமனே அவித்துத் தின்பதைவிடக் கொஞ்சம் எண்ணெயில் தாளித்தால் அதன் சத்து கூடுதலாக உடம்பில் சேரும்.

இதற்காக மாத்திரைக் கடைக்கு ஓட வேண்டாம். முதுமையில் வரும் விழித்திரைச் சிதைவு முற்றுவதை ஒமேகா-3 மாத்திரைகள் குறைக்கவில்லை என்று 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது. மீனை வழக்கமாகச் சாப்பிடுவோரிடம் அந்நோய் குறைவாக இருந்ததைப் பல நெடுநாள் கண்காணிப்புகள் காட்டியுள்ளன. அதுவே முடிந்த முடிவல்ல. ஆனால் தட்டில் மீன் இருப்பதால் நட்டமும் இல்லை.

வடசென்னையில் உள்ள நம் மூலக்கொத்தளத்துக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் அருகிலேயே இருக்கிறது. வஞ்சிரத்துக்குக் காசில்லாத வீட்டிலும் மத்தியோ கானாங்கத்தையோ குழம்பாகலாம். ஒமேகா-3 மிகுந்தவை இந்தச் சிறு மீன்களே. மீன் சாப்பிடாத வீட்டுக்குக் கீரையும் அளவான எண்ணெயும் உண்டு. சைவ வழியில் ஒமேகா-3 தருவது ஆளி விதை.

ஆனால் தட்டு நிறைவது வீட்டாரால் மட்டும் ஆவதில்லை. ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ திரவம் ஒவ்வொரு குழந்தைக்கும் சேர்கிறதா என்று அங்கன்வாடியும் சுகாதார நிலையமும் பார்க்க வேண்டும்; பெற்றோர் மறக்காமல் அழைத்துச் செல்ல வேண்டும். பஜ்ஜிக் கடைக்காரர் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது. ஆலைகள் கழிவைக் கடலுக்கும் ஓடைக்கும் விடக் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய், மீனவர்களின் வலையையும் படகையும் பாழாக்கியதை மறக்க முடியாது. நீர் கெட்டால் முதலில் குறைவது ஏழை வீட்டு மீன்தான்.

சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுக்கும் என்பதால், அந்நோயாளிகளுக்கு மீன் மட்டும் போதாது. ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் பரிசோதனை அவசியம். 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை தொலைவில் இல்லை. போகத் தயங்கும் முதியவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போவது பக்கத்து வீட்டாரின் பங்கு. வீடு, அங்கன்வாடி, சுகாதார நிலையம், கடை, ஆலை என அவரவர் பங்கை அவரவர் ஏற்றால், இந்தப் பேட்டையின் பார்வை நம்மால் காக்கக் கூடியதே.