பாலைவனத்தில் அருவி: பார்க்கப் போகலாமா?

பாலைவனம் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? மணல், ஒட்டகம், தாகம். பாலைவனத்தில் தண்ணீர் இல்லாமல் மாண்டவர்களின் கதைகளைக் கேட்டிருக்கிறோம். ஆனால், அரபு நாட்டு மலைகளில் மழைக் காலத்தில் மனிதர்களை வாரிக்கொண்டு போவது தாகம் அல்ல, தண்ணீர்தான்!

ஐக்கிய அரபு எமிரேட்ஸ், ஓமான் ஆகிய இரு நாடுகளிலும் சுமார் 700 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் இருக்கிறது. அதன் பெயர் ஹஜர். அரபு மொழியில் ‘ஹஜர்’ என்றால் கல். பெயருக்கு ஏற்றபடி பெரும்பாலும் மொட்டை மலை. ஓமானில் உள்ள ஜெபல் ஷம்ஸ் என்ற சிகரம் சுமார் 3,000 மீட்டர் உயரம்.

பலத்த மழை பெய்துவிட்டால் இந்தக் கல்மலையின் கோலமே மாறிவிடுகிறது. நேற்றுவரை வறண்டு கிடந்த பாறைகளில் அருவிகள் கொட்டுகின்றன. வருஷத்தில் ஒரு சில நாட்களே கிடைக்கும் காட்சி அது. அதைப் பார்க்கக் கூட்டம் ஓடுகிறது. அங்கே உத்தியோகம் பார்க்கும் நம் தமிழர்களும் போகிறார்கள். துணைக்கு ஆள் கிடைக்காவிட்டால், லீவு வீணாகிவிடுமே என்று தனியாகவே மலை ஏறுகிறவர்களும் உண்டு.

10 அங்குல மழை!

எமிரேட்ஸில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழை சராசரியாகச் சுமார் 100 மில்லிமீட்டர்தான். ஆனால் 2024 ஏப்ரல் 16-ந் தேதி, அல் ஐன் பகுதியில் உள்ள கத்ம் அல் ஷக்லா என்ற இடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதாவது 10 அங்குலம்! 1949 முதல் வைத்துள்ள கணக்கில் இப்படி ஒரு மழை இல்லை. ராசல் கைமாவில் ஒரு முதியவர் காரோடு அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு ஓமானில் பெருகிய வெள்ளம் பள்ளிப் பிள்ளைகளையும் விழுங்கியது. அந்த மழையில் ஓமானில் மட்டும் சுமார் 20 பேர் மாண்டார்கள்.

இதுபோன்ற மழை இனி வராது என்று இருந்துவிட முடியாது. காற்றின் உஷ்ணம் ஒரு டிகிரி கூடினால், அது தாங்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும் என்பது விஞ்ஞானம். உலகம் சூடேறி வருகிறது. ஆகவே, பெய்யும்போது பேய்மழையாகப் பெய்யும் அபாயமும் கூடுகிறது.

நீல வானத்தின் கீழ் வெள்ளம்

நம் குற்றால மலையில் காடும் மண்ணும் மழையில் ஒரு பங்கையாவது உறிஞ்சிக்கொள்ளும். ஹஜர் மலையில் உறிஞ்ச என்ன இருக்கிறது? விழுந்த மழை அப்படியே வழிந்து, ‘வாதி’ என்று அரபியர் அழைக்கும் வறண்ட ஆற்றுப் பள்ளங்களில் பாய்கிறது. உச்சியில் பெய்த மழை, பல மைல் தள்ளி, வானம் தெளிவாக இருக்கும் இடத்தில் வெள்ளமாக வந்து சேரலாம். கணுக்கால் நீர் சில நிமிஷங்களில் கழுத்தளவு ஆகிவிடும். வேகமாக ஓடும் நீர் அரை அடி உயரம் இருந்தாலே ஆளைக் கீழே தள்ளிவிடும். ஒரு அடி இருந்தால் காரையே நகர்த்தும்!

இதைத் தடுக்க எமிரேட்ஸ் அரசாங்கம் 2023-ல் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. மழை நேரத்தில் பள்ளத்தாக்கு, அணைக்கட்டு அருகே கூடினால் 1,000 திர்ஹாம் அபராதம். வெள்ளம் ஓடும் பள்ளத்தாக்கில் நுழைந்தால் 2,000 திர்ஹாம். 60 நாள் வண்டி பறிமுதல். அத்துடன் 23 கறுப்புப் புள்ளிகள். 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் முடக்கப்படும். டிரைவர் வேலை பார்ப்பவருக்கு லைசென்ஸ் போவதும் பிழைப்பு போவதும் ஒன்றுதானே?

விதி நல்ல விதிதான். ஆனால் இது போக்குவரத்துச் சட்டம். வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டுத் தனியே மலை ஏறுகிறவரை இந்த விதி எப்படிக் காப்பாற்றும்?

தனி ஆளின் கதி

தனியாகப் போகிறவருக்கு வெள்ளம் மட்டும் எதிரி அல்ல. நனைந்த பாறை வழுக்கும். மழையில் இளகிய கற்கள் மேலிருந்து உருளும். கால் பிசகினால் தூக்கிவிட ஆள் இல்லை. எமிரேட்ஸில் போலீசுக்கு 999 என்ற எண் இருக்கிறது. ஆனால் இரு பக்கமும் மலை நிற்கும் பள்ளத்தில் போனுக்கு சிக்னல் கிடைக்க வேண்டுமே! எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லாமல் போனவரை எங்கே என்று தேடுவது?

இரண்டு நாள் பொறுத்தால் என்ன?

ஜனங்கள் அவசரப்படுவதற்குக் காரணம் ஒரு தவறான எண்ணம். மழை நின்றால் அருவியும் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். பெருவெள்ளம் வடிவது பெரும்பாலும் சில மணி நேரத்தில். அதன்பிறகும் பாறை இடுக்குகளில் கசியும் நீர் பல இடங்களில் சில நாட்களுக்குச் சிறு அருவியாக வழிகிறது. சுனைகளில் வாரக்கணக்கில் நீர் தங்குகிறது. ஆகவே, வானிலை எச்சரிக்கை நீங்கி, மேலும் மழை இல்லை என்று தெரிந்து, இரண்டு நாள் கழித்துப் போகிறவர் காட்சியை அடியோடு இழப்பதில்லை. ஆபத்தில் பெரும் பகுதியைத்தான் இழக்கிறார்!

“போகாதே” என்று சொல்லி அபராதம் போடும் அரசாங்கம், “எப்போது போகலாம்” என்பதையும் சொல்ல வேண்டும். மலைப் பாதைகளின் வாசலிலேயே, தொழிலாளர்களுக்குத் தெரிந்த மொழிகளில், தமிழிலும்கூட, அறிவிப்பு வைத்தால் எத்தனையோ உயிர் தப்பும்.

போகிறவர்கள் செய்ய வேண்டியதும் அதிகம் இல்லை. துணைக்கு ஒருவர், போகும் இடமும் திரும்பும் நேரமும் அறையில் இருக்கும் நண்பருக்குச் சொல்லிவிட்டுப் புறப்படுவது, வறண்டு கிடந்தாலும் ஆற்றுப் பள்ளத்தில் கூடாரம் அடிக்காமல் இருப்பது. அருவியின் படத்தை ஊருக்கு அனுப்பலாம். தாயும் மனைவி மக்களும் பார்த்து மகிழ்வார்கள். ஆனால் அவர்கள் காத்திருப்பது படத்துக்காக அல்ல.