சேற்று நிலம் வெற்று நிலமன்று

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் மாணவர் பலருக்குப் பறவை என்றால், அடுக்குமாடியில் அமரும் புறாவும் பிரிக்பீல்ட்ஸ் சாலையோரத்தில் கரையும் காகமும்தாம் நினைவுக்கு வரும். ஆனால், கிள்ளானிலிருந்து கடலோரமாக வடக்கே சென்றால் கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்காவை அடையலாம். 1987-ஆம் ஆண்டில் உருவான இப்பூங்காவின் வளர்ச்சியில் மலேசிய இயற்கைக் கழகம் பெரும்பங்கு ஆற்றியுள்ளது. இடைநிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் ஓர் அதிகாலையையாவது இத்தகைய இடத்தில் கழிக்க வேண்டும்.

பொழுது புலரும் வேளையில் கொக்குகள் கூட்டமாக இரை தேடிப் புறப்படுகின்றன. குளக்கரைக் கிளையில் மீன்கொத்தி அசையாமல் காத்திருக்கிறது. அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையே சேற்றில் தாவும் மீன்கள் துள்ளுகின்றன. வெயில் ஏறிய பிறகு பறவைகளின் நடமாட்டம் குறைந்துவிடும். ஆகவே, காலைத் தூக்கத்தைத் துறப்பவருக்கே இக்காட்சி கிட்டும்.

கடலோரத்துச் சேற்றுவெளி மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் பயனற்ற நிலமாகவே தோன்றும். உண்மையில் அது நெடுந்தூரப் பயணிகளின் உணவுக்கூடம். வட ஆசியாவில் குளிர் தொடங்கியதும் உள்ளான் முதலிய கரைப்பறவைகள் தெற்கு நோக்கிப் பறந்து வருகின்றன. சேற்றில் வாழும் புழுக்களும் நண்டுகளும் சிறு சிப்பிகளும் அவற்றின் உணவாகின்றன. சிலாங்கூர்க் கடலோரத்திற்கு வரும் பறவைகளுள் பட்டைவால் மூக்கனும் ஒன்று. 2022-ஆம் ஆண்டில் இவ்வினத்தைச் சேர்ந்த ஐந்து மாதமே ஆன பறவை ஒன்று, அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு 11 நாள்கள் எங்கும் இறங்காமல் ஏறத்தாழ 13,560 கிலோமீட்டர் பறந்தது. இத்தகைய பயணத்திற்கு வேண்டிய வலிமையைச் சேற்றுநில உணவே தருகிறது.

இப்பறவைகளுக்கு ஓரிடம் மட்டும் போதாது. கடல்நீர் வற்றும்போது இரை தேடச் சேற்றுவெளி வேண்டும். நீர் ஏறிச் சேறு மூழ்கும்போது ஓய்வெடுக்க மேடான திறந்தவெளி வேண்டும். கிள்ளான் மாவட்டத்தில் காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குளங்கள் பல்லாயிரம் பறவைகளுக்கு அத்தகைய ஓய்விடமாக அமைந்தன. ஆயினும், அவை பறவைகளுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. இரண்டு இடங்களுள் ஒன்று அழிந்தாலும் மற்றொன்றால் பயனில்லை. எனவே, பூங்கா என வேலியிட்ட பகுதியை மட்டும் காத்துவிட்டு எஞ்சிய கடற்கரையை மண்ணிட்டு மூடுவது முறையாகாது.

வீடுகளும் தொழிற்சாலைகளும் துறைமுகமும் மக்களுக்குத் தேவை என்பதை மறுக்க முடியாது. அவை பலருக்கு வேலை தருகின்றன. எனினும், சேற்றுநிலமும் மனிதருக்கு உதவுகிறது. அலையாத்திக் காடு அலையின் வேகத்தைக் குறைத்துக் கரையைக் காக்கிறது. மீன், இறால் குஞ்சுகள் வளரும் தொட்டிலாகவும் விளங்குகிறது. நாம் விரும்பி உண்ணும் கெராங் சிப்பியும் சேற்றில்தான் வளர்கிறது. வளர்ச்சித் திட்டம் வரையும்போதே பறவைகள் உண்ணும் இடத்தையும் ஓய்வெடுக்கும் இடத்தையும் ஒதுக்கிவிட்டால் இரு தரப்பும் வாழலாம்.

இதற்கு மக்களின் மனமாற்றமே முதல் தேவை. தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை அடுத்துள்ளது கொள்ளுக்குடிப்பட்டி. அவ்வூர் மக்கள் பறவைகள் அஞ்சி ஓடிவிடக்கூடாது என்பதற்காகப் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவைகளைத் தங்கள் ஊர் விருந்தினராக எண்ணியதால் அந்த மகிழ்ச்சியை அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தார்கள்.

பெயர் தெரியாத ஒன்றின்மீது பற்று ஏற்படுவது அரிது. ஆகையால், பறவைகளின் பெயர்களை அறிவதிலிருந்தே மாணவர் தொடங்கலாம். ஒரு குறிப்பேடும் தொலைநோக்கியும் கடலேற்ற அட்டவணையும் இருந்தால் போதும். பார்த்த நாள், நேரம், இனம், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துவரலாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் சனவரி மாதத்தில் தன்னார்வலர்களின் துணையோடு நடைபெற்று வருகிறது. பள்ளியின் இயற்கைக் கழகங்கள் இத்தகைய பணிகளில் பங்குபெற வேண்டும். எண்ணிக்கை குறைவதைக் குறித்துவைத்தவர் இருந்தால்தான், இழப்பு நேரும் முன்பே எச்சரிக்கக் குரல் எழும்.