19-வது ஓவரை யாருக்குக் கொடுப்பது? தென்காசி வரை நீளும் பவுலிங் பஞ்சாயத்து

குற்றாலத்தில் சாரல் அடிக்கத் தொடங்கும் ஜூன் மாதத்தில்தான் பெரும்பாலும் டிஎன்பிஎல் சீசனும் சூடு பிடிக்கும். ஐந்தருவியில் குளித்துவிட்டு பார்டர் பரோட்டாவுக்குக் காத்திருக்கும் இளைஞர் கூட்டத்தில் அப்போது அதிகம் அடிபடும் கேள்வி, "கடைசி ஓவர யாருகிட்ட கொடுக்கலாம் மாப்ள?" என்பதுதான்.

ஐபிஎல், டிஎன்பிஎல் இரண்டுக்கும் இந்த விவாதம் பொருந்தும். காரணம், டி20 விதி. ஒரு பவுலர் அதிகபட்சம் 4 ஓவர்தான் வீச முடியும். 20 ஓவரை முடிக்க குறைந்தது 5 பேர் வேண்டும். முதல் 6 ஓவர் பவர்பிளேயில் உள்வட்டத்துக்கு வெளியே 2 ஃபீல்டர்கள்தான். கடைசி 4 ஓவரிலோ பேட்ஸ்மேன் எதையும் அடிக்கத் துணிந்திருப்பார். அதனால் நல்ல பவுலரின் 4 ஓவரை எங்கே செலவழிப்பது என்பதே கேப்டனின் பெரிய தலைவலி.

அமெரிக்க பேஸ்பாலில் கதையே வேறு. அங்கே ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள் பொதுவாக 5 பேர். ஒருவர் வீசினால் அடுத்த நான்கு நாள் அவருக்கு ஓய்வு. இங்கே பும்ரா போன்ற ஒருவர் உடம்பு ஒத்துழைக்கும்வரை எல்லா ஆட்டத்திலும் இறங்க வேண்டும். அவர் ஓய்வில் போனால் அந்த 4 ஓவருக்கு இன்னொருவரைத் தேட வேண்டும். இளம் பவுலர்களுக்கு வாசல் திறப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

நெல்லை ரசிகர்கள் மறக்காத ஓவர்

தென்காசிக்காரர்களுக்கு இது ஏட்டுப் பாடம் இல்லை. மாவட்டம் 2019-ல் தனியாகப் பிரிந்தாலும், கிரிக்கெட்டில் 'நம்ம டீம்' என்றால் இன்னும் நெல்லை ராயல் கிங்ஸ்தான். ஆட்டம் பார்க்க சங்கர் நகர் மைதானத்துக்குத்தான் போக வேண்டும். 2023-ல் அங்கே நடந்த இரண்டாவது தகுதிச் சுற்றில், திண்டுக்கல் வீசிய 19-வது ஓவரில் மட்டும் நெல்லை 33 ரன் குவித்து ஆட்டத்தைத் திருப்பியது. அதுவரை கை மீறிப் போயிருந்த மேட்ச் அது. ஆனால் அதே மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில் கோவையிடம் 104 ரன் வித்தியாசத்தில் நெல்லை தோற்றது. ஒரு ஓவர் கோப்பைக்கு அருகே கொண்டுபோகும், ஆனால் வாங்கித் தராது.

சிஎஸ்கே மீது என்ன கோபம்?

2025 ஐபிஎல்லில் 14 ஆட்டத்தில் 4 வெற்றி மட்டும் பெற்று, முதல்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது சென்னை. நூர் அகமது 24 விக்கெட் எடுத்தும் பலனில்லை. அதன்பிறகு அஸ்வின் ஐபிஎல்லில் இருந்து ஓய்வு பெற்றார். ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போக, சஞ்சு சாம்சன் வந்தார். 13 கோடிக்குத் தக்கவைத்திருந்த பதிரனாவையும் அணி விடுவித்தது. டிசம்பர் ஏலத்தில் அவரை 18 கோடிக்கு கொல்கத்தா தூக்கியது. அதே ஏலத்தில் சென்னை, இந்தியாவுக்கு ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.2 கோடி கொட்டியது.

பிரசாந்த் இடதுகை சுழல் ஆல்ரவுண்டர், ஜடேஜா இடத்துக்கு என்று பார்த்தால் கணக்கு புரிகிறது. "சரி, அதுல நம்ம ஊர்ப் பையன் எங்க?" என்பதுதான் இங்குள்ள ரசிகர்களின் குமுறல். அதற்கு நியாயமும் இருக்கிறது. 2022-ல் குஜராத் வெறும் 20 லட்சத்துக்கு எடுத்த சாய் சுதர்சன், 2025-ல் 759 ரன் அடித்து ஆரஞ்சு கேப் வாங்கினார். 2023 டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அவருக்குக் கொடுத்தது 21.6 லட்சம். உள்ளூர் லீக்குக்குத் தெரிந்த விலை ஐபிஎல்லுக்குத் தெரியவில்லை!

விலை வந்தால் போதுமா?

போதாது. 2018 டிஎன்பிஎல்லில் மதுரைக்காக 9 விக்கெட் எடுத்த வருண் சக்கரவர்த்தியை பஞ்சாப் 8.4 கோடிக்கு வாங்கியது. முதல் ஐபிஎல் ஓவரிலேயே 25 ரன் போனது. அந்த சீசனில் ஒரே ஆட்டம், பிறகு காயம், அணியிலிருந்து விடுவிப்பு. கொல்கத்தா மறுபடி வாய்ப்பு கொடுத்ததால்தான் 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக 5 விக்கெட் எடுத்த வருண் நமக்குக் கிடைத்தார்.

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 2017-ல் 3 கோடி, அடுத்த ஆண்டே 40 லட்சம். 2020 ஐபிஎல்லில் யார்க்கர்களாகப் போட்டுத் தள்ளிய பிறகுதான் ஆஸ்திரேலிய டூர், மூன்று ஃபார்மட்டிலும் அறிமுகம்.

தென்காசி பக்கம் டென்னிஸ் பந்தில் வேகமாக வீசும் ஒரு பையன், நடராஜன் போல மேலே வர வேண்டுமென்றால் முதலில் லெதர் பந்துக்கு மாற வேண்டும். பிறகு மாவட்ட அணி, சென்னை லீக், டிஎன்பிஎல் என்று படி ஏற வேண்டும். அங்கே போனாலும் லீக் சுற்றில் ஒரு அணிக்கு 7 ஆட்டம்தான். எல்லாவற்றிலும் இறங்கி, ஒவ்வொன்றிலும் முழுசாக 4 ஓவர் போட்டாலே மொத்தம் 28 ஓவர். புதுப் பையனுக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். அதிலும் 19-வது ஓவர் கிடைப்பது அரிது.